பூனை யாருடையது

குவுன் தோங்கில் பதினொன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல்.
ஓட்டல் விரிப்புகள் ஈரமாய் வந்து
சூடாய்ப் போகிற சலவைக்கூடம்.
ஹார்பினிலிருந்து வந்த என் காதுக்கு
இங்கே பேசுகிற சீனம் சீனமாகவே கேட்கவில்லை.
எழுதிக் காட்டினால் படித்துவிடுவேன்.
வாயைத் திறந்தால் வேறு தேசம்.

முதலில் வசப்பட்டது இந்த ஒரு தொடர்தான்:
சிக் செய் மாவ்.
செத்த பூனையைத் தின்பது.
யாரும் கற்றுத்தரவில்லை.
துணி மடிக்கிற மேசையில்
பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்து சிரித்ததை
கீழே விழுமுன் பொறுக்கிக்கொண்டேன்.

முதல் வாரம் மதியச் சோற்றில்
பன்றிக்கறி ஊசிப்போயிருந்தது.
"செத்த பூனை தின்றேன்" என்றேன் சத்தமாக.
மேசையே குலுங்கியது.
யாரோ என் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து
மியாவ் என்றார்கள்.

அடுத்த தடவை மழைக்காலம்.
அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கி
நாற்பது நிமிடம் தாமதம்.
ஃபோர்மன் து திட்டியது லிஃப்ட் வரை கேட்டது.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன்:
"இன்றைக்கு நான் செத்த பூனை தின்றேன்."
உலர்த்தும் எந்திரத்தடியில் மோக் ஹொய்-சுன்,
என்னைவிட நாலு வயது சின்னவன்,
கையுறையைக் கழற்றாமலே கேட்டான்:
"தூங்கினது நீதானே?
அப்போ அது உன் வீட்டுச் சமையல்.
பூனை இன்னொருத்தருடையதா இருக்கணும்.
கொன்றது அவர், தின்றது நீ.
அதுக்குத்தான் இந்தப் பேச்சு."
அப்புறம் "சிக்" என்று சொல்லிக் காட்டினான்.
முடிவில் காற்று வெளியே வரக்கூடாதாம்.
தொண்டைக்குள்ளேயே கதவைச் சாத்திவிட வேண்டுமாம்.
எங்கள் ஊர்ப் பேச்சில்
அந்தக் கதவே கிடையாது.

நவம்பர்.
நாலாம் எந்திரத்தில் முந்நூறு வெள்ளை மேஜைத் துவாலை.
நடுவில் எப்படியோ
ஒரு சமையல்காரரின் சிவப்பு ஏப்ரன்.
எப்படியோ என்ன எப்படியோ,
பார்க்காமல் அள்ளிப் போட்டது நான்.
மூடியைத் திறந்தபோது முந்நூறும்
ஈறு நிறத்தில் இருந்தன.
பதிவேட்டில் அந்த மணிக்கு அவன் கையெழுத்து:
நான் கழிப்பறைக்குப் போயிருந்தபோது
எனக்காகப் போட்டது.
யார் இது, என்றார் து.
ஹொய்-சுன் பதிவேட்டைப் பார்த்தான்.
என் பக்கம் திரும்பவில்லை.
"ம்" என்றான்.
இரண்டு நாள் கூலி போயிற்று.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்;
பாவம் நின்ற இடத்தில்
தொண்டைக் கதவு முதல்முறையாகச்
சரியாகச் சாத்திக்கொண்டது.

மூன்று இரவுகள் மேல்கட்டிலில் படுத்து
அந்தத் தொடரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
தின்றவன் இருக்கிறான்.
தின்னப்பட்டது இருக்கிறது.
கொன்றவளுக்கு அதில் இடமே ஒதுக்கவில்லை.
எனக்காகவே தைத்தது போல
எத்தனை சௌகரியமான வாக்கியம்.

நாலாம் நாள் துவின் மேசைமுன் நின்றேன்.
"ஹொய்-சுன் செத்த பூனை தின்றான்.
பூனை என்னுடையது."
ஏற்ற இறக்கம், கதவு, எல்லாம் சரியாக விழுந்தன.
அவர் கணக்கிலிருந்து தலை தூக்கவில்லை.
"கணக்கு முடிச்சாச்சு" என்றார்,
"போய் விரிப்பை எடு."

இரண்டு நாள் கூலியை
அவன் கையுறைக்குள் செருகி வைத்தேன்.
ஒரு நாள் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.
வெள்ளிக்கிழமை,
எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தை
மடிக்கிற மேசை நடுவில் பொத்தென்று வைத்தான்.
சுட்ட பன்றிக்கறி, எல்லாருக்கும்.
மேசையைத் துடைத்த கந்தல்
பழைய இளஞ்சிவப்புத் துவாலை.
பெரிய துண்டாகப் பார்த்து
என் சோற்றின்மேல் போட்டான், ஒன்றும் சொல்லாமல்.
தின்றேன்.
தோல் மொறுமொறுவென்றிருந்தது.
அதற்கு இந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று
எனக்கு இன்னும் தெரியாது.